மாப்பிள்ளை வெட்டிய வேலி

வாந்தி மட்டும்தான் வரவில்லை. மிஷினின் உறையை உருவியதும் அந்த வாடை நேராக மூளைக்கு ஏறியது. அழுகிய இலை, செடியின் பால் காய்ந்து பிசினாகிப்போன புளிப்பு, நடுவில் ஏதோ செத்துக் கிடக்கும் நாற்றம். பிளேடின் பற்களுக்கு இடையே ஒரு கம்பளிப்பூச்சி கூழாகிக் கிடந்தது. உடம்பு போய்விட்டது, ரோமம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் தொட்டேன், பிசின் விரலோடு சேர்ந்து வந்தது. சீ என்று விட்டுவிட்டுப் போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து பார்த்தேன். மறுபடியும் போய்க் கழுவினேன்.

தோட்டக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவன் நான். நாள் முழுக்க என் மேஜைக்கு வருவது அழுக்குதான். மோட்டாரின் காற்றுத் துளைக்குள் எறும்பு குடித்தனம் நடத்தியிருக்கும். புல் வெட்டும் மிஷினின் அடியில் நாய் போனதெல்லாம் அப்பிக்கொண்டு வரும். பல்லி முட்டைகூட எடுத்திருக்கிறேன். அதெல்லாம் ஊரார் வீட்டு அசிங்கம். கையுறையை மாட்டிக்கொண்டு, மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, துடைத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் இந்த வேலி வெட்டும் மிஷின் என் சொந்த மிஷின். பேட்டரியில் ஓடுவது. வெட்டி முடித்த கையோடு பேட்டரியைக் கழற்றி, பற்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, உறை போட்டு, பேட்டரியை ஈரம் படாத அலமாரியில் தனியாக வைப்பேன். என் தங்கை என்னைச் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அவளுடைய கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அவ்வப்போது மிஷினை இரவல் வாங்கிக்கொண்டு போவார். திருப்பித் தரும்போது இந்த லட்சணத்தில் இருக்கும். ஆனால் மனுஷன் மட்டும் சலவை மடிப்புக் கலையாமல், சென்ட் வாசனையோடு காரிலிருந்து இறங்குவார். மிஷினை என் மேஜையில் வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொள்வார்.

"சூப்பரா வெட்டுது மச்சான். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வேலி மொத்தமும் முடிஞ்சிடுச்சு."

"சரிங்க மாப்பிள்ள" என்பேன். வேறு என்ன சொல்வது?

என்னை உறுத்தியது அழுக்கு இல்லை. மிஷினின் முன்கைப்பிடியில் கட்டியிருக்கும் அந்த நீல நிற ரப்பர் பட்டை. இந்த மிஷினில் இரண்டு சுவிட்ச் உண்டு, பின்கைப்பிடியில் ஒன்று, முன்கைப்பிடியில் ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிளேடு ஓடும். காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். இரண்டு கையும் கைப்பிடிகளில் இருந்தால், எந்தக் கையும் பிளேடின் பக்கம் போகாது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் முன்சுவிட்ச் அழுத்தியபடியே அந்தப் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அப்புறம் ஒரு கை போதும். இன்னொரு கை எங்கே வேண்டுமானாலும் போகலாம், பற்களுக்குள்கூட.

அது எந்தப் பட்டை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரத்தம் எடுக்கும்போது முழங்கைக்கு மேலே கட்டுவார்களே, அது. தங்கை ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். அவள் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பட்டை இருக்கும். பெண்டாட்டி பையில் கைவிட்டு எடுத்துக் கட்டிவிட்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கையின் இடது ஆள்காட்டி விரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தைகளுக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியாது. கொழுகொழுவென்ற கையில் அங்கே குத்தி, இங்கே குத்தி, குழந்தை வீறிட்டு, தாய் அழுது, அந்த இடமே ரணகளமாகிவிடும். தங்கை கண்ணை மூடிக்கொள்வாள். இடது ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் குழந்தையின் கையில் வைத்துத் தேடுவாள். 'இங்க' என்பாள். ஒரே குத்துதான். மற்ற லேபுகளில் கைவிரித்துவிட்ட குழந்தைகளை அவள் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். அவளுடைய வேலை, அவளுக்கு இருக்கும் மரியாதை எல்லாம் அந்த நுனியில்தான் இருந்தது. அந்த விரல் புழங்கும் வீட்டில்தான் இந்த மிஷினும் பட்டை கட்டிக்கொண்டு கிடந்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது.

போன மழைக்காலத்தில் அந்த விரலில் ஒரு கட்டுப் போட்டிருந்தாள். லேபில் கண்ணாடிக் குழாய் உடைந்து கீறிவிட்டதாம். "பாத்து வேலை செய்யக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். "போண்ணா, சோப்பு" என்று சிரித்துவிட்டாள்.

இவ்வளவு பயம் இருந்தால் மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும். அம்மா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். சாப்பிட்ட தட்டை அவர் லேசாக நகர்த்தினாலே ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். அவரும் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடமாட்டார். ஒருமுறை அம்மாவிடம் பேச்சை எடுத்தேன்.

"அம்மா, மாப்பிள்ள மிஷின ரொம்ப மோசமா…"

"வாய மூடுடா. ஒரு இரவல் சாமானுக்காக மாப்பிள்ளைய ஒரு வார்த்த சொல்லுவியா? அப்புறம் அது என் பொண்ணு தலையிலதான் விடியும்."

அதோடு சரி. நான் பேசாமல் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடுவேன். மிஷினைத் துடைத்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, அடுத்த முறை பளபளவென்று கொடுப்பேன். பட்டை இல்லாததைப் பார்த்தாவது புரிந்துகொள்வார் என்று நினைப்பு. அடுத்த முறை வரும்போது புதுப் பட்டை இருக்கும். நான் வெட்டுவேன், அது வரும். மறுபடி வெட்டுவேன், மறுபடி வரும். ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வோம். இதற்குப் பெயர் மரியாதையாம். தூ.

இன்றைக்கு ஒரு குச்சியை எடுத்துப் பற்களைச் சுரண்டினேன். கம்பளிப்பூச்சிக் கூழோடு வெள்ளையாக எதுவோ இழுபட்டு வந்தது. பஞ்சு. முகர்ந்து பார்த்தேன், எனக்கே என்னை நினைத்தால் குமட்டல்தான், ஆனாலும் முகர்ந்தேன். லேசாக ஸ்பிரிட் வாடை அடித்தது.

மாப்பிள்ளை ஸ்பிரிட் பஞ்சு வைத்துத் துடைக்கிற ஆள் இல்லை. மிஷினைத் தொட்ட கைக்குட்டையையே துவைக்கப் போடுகிறவர் அவர். அப்படியென்றால் பற்களைத் துடைப்பது தங்கை. பேட்டரியைக் கழற்றும் பொத்தானைப் பார்த்தேன். அதைச் சுற்றிப் பிசின் அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது, எங்கேயும் உடையவில்லை. நான் கொடுத்தனுப்பியதற்கு அப்புறம் அந்தப் பொத்தானை யாரும் அழுத்தவே இல்லை. முன்சுவிட்ச் கட்டியிருக்கிறது, பேட்டரி உள்ளே இருக்கிறது, என் தங்கை விரலை விட்டுப் பஞ்சால் துடைத்திருக்கிறாள். பின்சுவிட்சில் தெரியாமல் கை பட்டிருந்தால் போதும், விரல் போயிருக்கும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி பேட்டரியைக் கழற்றி என் பையில் போட்டேன். முதல் முறையாக மிஷினைத் துடைக்கவில்லை, பட்டையையும் வெட்டவில்லை. அப்படியே உறையை மாட்டி எடுத்துக்கொண்டு, கடை மூடியதும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது.

அம்மா அங்கேதான் இருந்தாள், பெண்ணோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாடா வேலிய? ஸ்கேல் வச்சு வெட்டுன மாதிரி இல்ல? மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு கை."

வேலி அழகாகத்தான் இருந்தது. கேட்டை ஒட்டிய உயரமான மூலைகூட மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் நசுங்கிய இலைகள். மாப்பிள்ளை உள்ளே சோபாவில் உட்கார்ந்து அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை டீ கொண்டுவந்தாள், இரண்டு கையிலும் இரண்டு டம்ளர். என்னுடையதை வாங்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டேன், அப்படிக் கொதித்தது.

"கை மரத்துப்போச்சா உனக்கு?" என்றேன்.

"சோப்புக் கைக்கு அப்படித்தான் சுடும்" என்றாள்.

நடுவீட்டில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து மிஷினை வைத்தேன். உறையை உருவினேன். நாற்றம் வீடெல்லாம் பரவியது. மாப்பிள்ளை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"ஏண்டா, டீ குடிக்கற நேரத்துல இத…" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. மாப்பிள்ள, ஒரு சின்ன உதவி. இந்த பேட்டரிய கொஞ்சம் மாட்டுங்களேன்."

"இதென்ன பெரிய வேலையா?" என்று அவர் குனிந்தார். பையிலிருந்து நான் எடுத்து நீட்டிய பேட்டரியை இரண்டு விரலால் பிடித்தார். தலைகீழாக வைத்து அழுத்தினார், போகவில்லை. திருப்பி மோட்டாரின் காற்றுத் துளை மேல் வைத்துத் தள்ளினார். பிறகு முன்கைப்பிடிக்குள் நுழைத்துப் பார்த்தார். மாட்டியதும் அவரையே கழற்ற வைத்துப் பாடம் எடுப்பது என் திட்டம். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு. பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்க்கிற மாதிரி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இப்படிங்க" என்று தங்கை உட்கார்ந்து மிஷினை வாங்கினாள். டக்கென்று பேட்டரி உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பழக்கம் தெரிந்தது அதில். அவளுடைய வலது கை பின்கைப்பிடியில் இருந்தது. இடது கை பிளேடை அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது, விரல்கள் பற்களுக்கு மேலே.

"கைய எடுடீ!" என்று கத்திக்கொண்டே அந்த இடது கையைப் பிடித்து இழுத்தேன். மிஷின் தொப்பென்று தாளில் விழுந்தது.

"எதுக்கு இப்படிக் கத்தற? சுவிட்ச நான் அழுத்தவே இல்லையே."

"முன்னாடி சுவிட்ச உன் வீட்டுக்காரர் கட்டி வச்சிருக்காரு! பின்னாடி விரல் பட்டாலே போதும்!"

"அவர் எங்க கட்டினாரு? நான்தான் கட்டினேன்."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

"நீ எதுக்குடி கட்டற?" என்றாள் அம்மா.

"அவருக்குக் கம்பளிப்பூச்சி ஆகாதும்மா. பாத்தாலே உடம்பு தடிச்சிடும். நான்தான் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி வெட்டறேன். கேட்டுப் பக்கம் உசரமா இருக்கில்ல, ஸ்டூல்ல ஏறி ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கணும். அப்புறம் ரெண்டு சுவிட்சயும் எப்படி அழுத்தறது?"

"மாப்பிள்ள வெட்டினாருன்னு…" என்று இழுத்தாள் அம்மா.

"நீ தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் அவரப் பெருமையாப் பேசற. நான் வந்து இல்லன்னு சொல்லட்டுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆமா, பட்டைய நீதான் எடுத்துடறியா? நான் நழுவி விழுந்துடுதுன்னு நெனச்சேன். அதான் இந்தத் தடவ ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டினேன்."

"அத எடுத்தா மாப்பிள்ளைக்குப் புரியும்னு…"

"எனக்கு எப்படிப் புரியும்?"

நான் இன்னும் அவள் கையை விடவில்லை. விரல் நுனியில் குறுக்கே ஒரு வெளுத்த கோடு ஓடியது. மழைக்காலத்துக் கட்டு இருந்த இடம். கண்ணாடி கீறினால் இப்படி இருக்காது. பிளேடின் பல் கடித்த தழும்பு எப்படி இருக்கும் என்று என் மேஜைக்கு வருகிறவர்களின் கைகளில் நான் பார்த்திருக்கிறேன்.

"இது கண்ணாடிக் குழாயா?"

"ஆறிடுச்சு, விடு."

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"பல்லுல பஞ்சு மாட்டிக்கிச்சு. இழுத்தேன். இன்னொரு கை பின்னாடி பிடிச்சிருந்துச்சு, அது தெரியாம அழுத்திடுச்சு. பேட்டரிய கழட்டலாம்னுதான் பாத்தேன், பொத்தான் பிசின்ல ஒட்டிக்கிட்டு வரல. டியூட்டிக்கு வேற நேரமாச்சு."

நான் என் கட்டைவிரல் நகத்தை அந்த நுனியில் வைத்து அழுத்தினேன். பலமாகவே அழுத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள்.

என் டம்ளரிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. அதை அவள் இடது கையில்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த விரல் நுனிக்கு எதுவும் உறைக்கவே இல்லை.

அருவருப்பு என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிசினும் கூழும் ஒன்றுமே இல்லை. வெட்டாத வேலிக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைச் சட்டை அருவருப்பாக இருந்தது. அம்மாவின் மாப்பிள்ளைப் பெருமை அருவருப்பாக இருந்தது. பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்ற என் சுத்தம் எல்லாவற்றையும்விட நாறியது.

"லேப்ல தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா கவுண்டர்ல உக்காந்து சீட்டு எழுதச் சொல்லிடுவாங்க. குழந்தைங்க வந்தா நைசா பக்கத்துல இருக்கறவகிட்ட தள்ளி விட்டுட்டிருக்கேன். வலது கையில தேடிப் பழகறேன். நாளைக்குத்தான் தப்பிக்க முடியாது. என் பேரச் சொல்லியே ஒரு குழந்தைய அனுப்பறாங்க. ரெண்டு லேப்ல குத்தியும் கெடைக்கலையாம்."

மாப்பிள்ளை மெல்ல, "எங்கிட்டகூட கண்ணாடின்னுதான் சொன்னே" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க என்ன, அடுத்த நாள்லேருந்து வெட்டியிருப்பீங்களா?" என்றாள். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பழைய துணியோடு திரும்பி வந்தாள். அதை மாப்பிள்ளையின் சலவை பேன்ட் மேல் போட்டாள்.

"தொடைங்க மாப்பிள்ள."

"அத்தை…?"

"நீங்கதான் தொடைக்கணும். கீழ உக்காருங்க."

அந்த வீட்டில் அவரை யாரும் இதுவரை எதையும் செய்யச் சொன்னதில்லை. அவர் சோபாவிலிருந்து வழுக்குகிற மாதிரி தரைக்கு இறங்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு, துணியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, நேராகப் பற்களுக்குக் கையை நீட்டினார்.

"பேட்டரி!" என்று அலறினாள் அம்மா. மிஷினை வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தொடாதவள்.

தங்கைதான் பொத்தானைக் காட்டினாள். அவர் அழுத்தி பேட்டரியைக் கழற்றினார். நான் அதை வாங்கித் தள்ளி வைத்தேன். பிறகு அவர் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். கூழ் அவர் விரலிடுக்கில் ஒழுகியது. கம்பளிப்பூச்சியின் ரோமம் மணிக்கட்டில் ஒட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்துச் சிவந்தது. ஓங்கரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இந்தக் காட்சியை நான் ருசித்துப் பார்த்திருப்பேன்.

தங்கை அந்த இரண்டு முடிச்சையும் அவிழ்த்து ரப்பர் பட்டையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது, நாளைக்குள் வலது விரல் பழகியாக வேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீட்டினேன். பிசினும் இலைத் துணுக்கும் ஒட்டிய அந்தப் பட்டையை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். மயிரோடு ஒட்டிப் பிடித்தது. அசையாமல் இருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். உடனே சொல்லிவிட்டாள்.

"இங்க." கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினாள். "உன் நரம்பு கயிறு மாதிரி இருக்குண்ணா. இத யாரு வேணா கண்டுபிடிச்சிடலாம்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மாப்பிள்ளை துணியைக் கீழே வைத்தார். பிசின் அப்பிய, தடித்துச் சிவந்த, வேலையே பார்க்காமல் கொழுத்த அந்தக் கையை நீட்டினார்.

"என் கையில எவனுக்கும் கெடைக்காது" என்றார். "ஆஸ்பத்திரிலயே திணறுவாங்க."

தங்கை பட்டையை என் கையிலிருந்து உரித்து அவர் கையில் கட்டினாள். கண்ணை மூடினாள். முதலில் பழக்கத்தில் இடது விரல்தான் போனது. அதை எடுத்துவிட்டு வலது விரலை வைத்தாள்.

"இது இல்ல" என்றாள். கொஞ்சம் நகர்த்தினாள். "இதுவும் இல்ல."

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. தங்கை தேடிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை.